கசெட்டில் கிடந்த கரைவலை

மருதமுனையில் ஸுலைஹாவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் நீளம் என்பார்கள், அது உண்மை. நெசவில் ஒரு நூல் பிசகினாலும் கண் போய் அதில்தான் நிற்கும் என்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் கடைக்கு வராமலே நின்றுபோன ஒரு டீவி விளையாட்டுக்கு அவள்தான் படம் கீறினாள் என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நடந்தது இதுதான்.

எண்பத்தாறாம் ஆண்டு அவளுக்கு முப்பத்துமூன்று வயது. புருஷன் முனாப் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தான். அவளுடைய தாய் சபியா உம்மா அவர்களோடுதான் இருந்தார். சமையல், துவையல், கோழி, ஆடு எல்லாம் ஒதுங்கின பிறகு ஸுலைஹா பின்வளவுக் கொட்டிலில் இருக்கும் தறிக்குப் போவாள். சாரிக் கரையில் வரும் பூவை யாரிடமும் கேட்டு வாங்கமாட்டாள். கட்டம் போட்ட கணக்குக் கொப்பியில் தானே கீறிக்கொள்வாள். நிரப்பின கட்டம் என்றால் நூலை எடுக்க வேண்டும், வெறும் கட்டம் என்றால் விட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய சித்திரப் படிப்பு.

ஒரே தம்பி றஸாக் குவைத்துக்குப் போய் ஐந்து வருஷம். வீட்டில் வைத்து விளையாடுகிற சின்னக் கொம்பியூட்டர் விற்கும் ஒரு கொம்பனியில் பெட்டி சுமக்கத்தான் சேர்ந்தான். டீவியில் வயரைக் கொழுவி, டேப்பில் கசெட்டைப் போட்டால் விளையாட்டு டீவிக்குள் ஏறிவிடும். பெட்டி சுமந்தவன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கி, புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த யந்திரத்துக்குக் கட்டளை எழுதத் தானாகவே பழகிவிட்டான். அதைக் கண்ட மனேஜர், கடலை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுச் செய், நன்றாக வந்தால் கொம்பனி அதைப் பெட்டியில் போட்டு விற்கும் என்று சொல்லிவிட்டார். றஸாக்குக்குத் தெரிந்த கடல் மருதமுனைக் கடல்தான். கரைவலை இழுப்பதையே விளையாட்டாக்கப் போகிறேன் என்று ராத்தா ஸுலைஹாவுக்குக் கடிதம் போட்டான்.

"எனக்குக் கணக்கு ஓடும், படம் ஓடாது. நான் கீறின தோணியப் பாத்துட்டு, ஏன் செருப்பக் கடல்ல போட்டிரிக்காய் எண்டு இங்க கேக்கிறானுகள். கட்டத்தில கீறத் தெரிஞ்ச ஆள் நீங்கதான் ராத்தா. ஒரு படம் பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம். அதுக்கு வெளிய ஒரு கட்டமும் போகப்படாது."

"பதினாறு கட்டத்துக்குள்ள தோணியா?" ஸுலைஹா கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகினாள். "ராவில கடிக்கிற ஒரு நுளம்பக் கொண்டு வச்சாலும் கால் வெளிய நீட்டும்."

"அப்ப நுளம்பையே கீறி அனுப்பு" என்றான் முனாப், சோற்றைப் பிசைந்துகொண்டே. "குவைத்தில நுளம்பு குறைவாம். புதினமாப் பாப்பானுகள்."

"உங்களுக்கு ஒரு சைக்கிள் சில்ல வட்டமாக் கீறத் தெரியுமா? தெரியாதெண்டா வாயப் பொத்திக்கிட்டுத் தின்னுங்க."

இப்படித்தான் அந்த வேலை தொடங்கியது.

கீறிப் பார்த்தபோதுதான், பிறந்ததிலிருந்து கடலுக்குப் பக்கத்தில் இருந்தும், வலை இழுப்பவர்கள் காலை எப்படி ஊன்றுகிறார்கள் என்று தான் பார்த்ததே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. மீனைப் பார்த்திருக்கிறாள். மீனுக்குப் பின்னால் இருந்த ஆட்களை யார் பார்த்தது? அடுத்த நாள் காலையில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு முனவ்வறாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். தோணி கடலில் அரைவட்டமாக வலையை விட்டுவிட்டு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று சத்தம் போட்டது தண்டல் முகைதீன்பாவா. அந்த வலைக்காரர்களுக்கெல்லாம் தலைவர் அவர்தான்.

"என்ன புள்ள, கறிக்கு மீனா? வலை இன்னும் தூரத்தில கிடக்கு."

"மீன் வேணாம் மாமா. நீங்க இழுங்க, நான் பாக்கன்."

"எதப் பாக்க?"

"இவங்கட காலப் பாக்கத்தான் வந்தன்."

இழுத்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் மடித்துக் கட்டியிருந்த சாரனைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்கள். முனவ்வறா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். முகைதீன்பாவாவுக்குக் கோபம் வந்தது.

"விசரா புள்ள உனக்கு? ஆம்பிளைகள்ற காலப் பாக்கவா வந்தாய்?"

"அறபிப் புள்ளைகளுக்குக் காட்டப் போறம் மாமா. டீவியில. உங்களையும் போடுறன், சத்தம் போடாம நில்லுங்க."

டீவி என்றதும் தண்டல் நெஞ்சை நிமிர்த்தினார். அன்றைக்கு அந்த வலை ஒருநாளும் இல்லாத அழகோடு கரைக்கு வந்தது.

ஒன்றைக் கவனித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை திரும்பும், மீன் போய்விடும். அதைத் தம்பிக்கு எழுதினாள். அவன் அதையே விளையாட்டின் விதியாக வைத்தான்: இடக்கைக்கு ஒரு பொத்தான்கட்டை, வலக்கைக்கு ஒரு கட்டை, மாறி மாறி ஒரே அளவாக அமுக்க வேண்டும்.

மூன்று மாதத்தில் இருபத்துமூன்று படம் போனது. தோணி மட்டும் நான்கு. அலை மூன்று. இழுக்கிற ஆள் காலை ஊன்றி நிற்பது, சாய்வது, பின்னால் போவது. தொப்பியோடு தண்டல். ஒரு காகம். றஸாக் எழுதினான்: "ராத்தா, தோணி ஓடுது. இங்க இரிக்கிற எகிப்து மிஸ்ரிக்காரன் பாத்திட்டு, இதக் கீறினது எந்தப் பள்ளிக்கூடத்தில படிச்ச ஆள் எண்டு கேக்கான்."

ஸுலைஹா ஒரு கொம்பியூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. கடைசி லீவில் தம்பி கொண்டுவந்த கலர் டீவி மேசையில் இருந்தது. தூசி துடைக்கும்போது சில நேரம் அந்த வெறும் கண்ணாடி முன்னால் நின்றுவிடுவாள். தான் கீறின தோணி அதில் ஓட வேண்டும், தான் இருந்து பார்க்க வேண்டும். பணமும் கேட்கவில்லை, பேரும் கேட்கவில்லை. அதொன்றுதான் அவளுக்கு வேண்டும்.

இந்த இடத்தில் கசெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதத்தைவிடக் கசெட்டில்தான் கதைப்பார்கள். எழுத வாசிக்கத் தெரியாத உம்மாமார்களுக்கு அதுதான் வசதி. லீவில் வருகிற யாராவது சோப்போடும் பால்மாவோடும் கசெட்டையும் கொண்டுவருவார்கள். வீட்டில் எல்லோரும் டேப்பைச் சுற்றிக் குந்திக்கொண்டு இரண்டு தரம் கேட்பார்கள், அழுவார்கள். பிறகு அதே கசெட்டில், அவன் கதைத்ததற்கு மேலேயே தங்கள் மறுமொழியைக் கதைத்துப் பதிவார்கள். வந்தவன் திரும்பும்போது அது அவனோடு போகும். ஒரே கசெட் ஏழெட்டுத் தரம் கடல் தாண்டும். மருதமுனையிலிருந்து பாலமுனைவரை இதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒருநாள் காலை, றஸாக்கோடு ஒரே அறையில் இருக்கும் சாலிஹ் லீவில் வந்தான். ஒரு பொதி, அதற்குள் ஒரு கசெட்.

"ராத்தாட கையிலதான் குடுக்கணும் எண்டான்" என்றான் சாலிஹ். "வேற ஒண்டும் சொல்லல்ல. நான் பிளேனுக்கு ஓடுற அவசரம். வெள்ளிக்கிழம திரும்பிப் போறன், மறுமொழி இரிந்தா வியாழன் பின்னேரத்துக்குள்ள தாங்க."

முனாப் டேப்பைக் கொண்டுவந்து வைத்தான். சபியா உம்மா ஆயத்தமாக முந்தானை நுனியைக் கையில் பிடித்துக்கொண்டார். முனவ்வறாவும் வந்துவிட்டாள், கசெட் வந்த வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை. ஸுலைஹா கட்டையை அமுக்கினாள்.

கீ... என்று ஒரு நீளச் சத்தம். பிறகு ஆயிரம் தேங்காயை ஒன்றாகத் திருவுகிறமாதிரி ஒரு இரைச்சல். நின்றது. மறுபடியும் கீ... மறுபடியும் இரைச்சல்.

"என்ட ரப்பே" என்றார் சபியா உம்மா. "என்ட புள்ளைக்குத் தொண்டையில என்ன?"

"தொண்ட இல்ல மாமி, டேப்புச் சிக்கிட்டு" என்றான் முனாப். கசெட்டை எடுத்து, பென்சிலைச் செருகிச் சுற்றி, முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டித் திரும்பப் போட்டான். கீ...

"சிக்கினா இழுத்து இழுத்துக் கேக்கும். இது சன்னி வந்தமாதிரியெல்லா கிடக்கு" என்றாள் முனவ்வறா. "பிளேன்ல எக்ஸ்ரே பிடிக்கிறாங்களாம், அதில குரல் எரிஞ்சிட்டுதோ?"

ஆறு நிமிஷம் அந்தச் சத்தம் ஓடியது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. றஸாக் கதைத்தது வழியில் பழுதாகிவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். உம்மா அதற்காகவும் கொஞ்சம் அழுதார்.

வியாழக்கிழமை, வழக்கப்படி, அதே கசெட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றி மறுமொழி பதிந்தார்கள். முதலில் உம்மா: தொண்டைக்கு வேர்க்கொம்பு அவித்துக் குடி, தொழுகையை விடாதே, ஐஸ்தண்ணி குடிக்காதே. பிறகு முனாப்: சைக்கிள் செயின் இரண்டு அனுப்ப ஏலுமா என்று பார். முனவ்வறா ஒரு ஸலாம் சொல்லப் போய் பத்து நிமிஷம் ஊர்ப் புதினம் சொன்னாள். கடைசியில் ஸுலைஹா டேப்புக்குக் கிட்ட வந்து குனிந்தாள்.

"டேய் தம்பி, நீ அனுப்பின கசெட்டில பேய் கத்துது. ஒழுங்காக் கதைச்சி அனுப்பு. என்ட தோணி எப்படி ஓடுது, அதச் சொல்லு. நான் எப்பதான் அதப் பாக்கிற?"

கசெட் சாலிஹோடு போனது.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. கலவரத்தில் றோட்டு அடைபட்டு, தபால் எங்கோ கிடந்து வந்திருந்தது. முத்திரையில் இருந்த திகதி சாலிஹ் வருவதற்கு முன்னையது. ஸுலைஹா அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள்.

"ராத்தா, ஒரு கெட்ட செய்தி. கொம்பனி எங்கட விளையாட்ட நிப்பாட்டிட்டு. வேற நாட்டிலயிருந்து செஞ்சி முடிச்ச விளையாட்டெல்லாம் பெட்டி பெட்டியா வந்திட்டுதாம், இனி இங்க செய்யத் தேவையில்லையாம். கொம்பனிக் கசெட் எல்லாத்தையும் வாங்கி அழிச்சிட்டாங்க. நான் செஞ்ச அளவுக்கு ஒரு கசெட்டில மட்டும் எடுத்து வச்சிரிக்கன். அறையில ஏழு பேர், எவனாவது மேல பாட்டுப் பதிஞ்சிருவான். வீட்டிலதான் பத்திரம் எண்டு அதச் சாலிஹ்ட கையில அனுப்புறன். டேப்பில போட்டா இரைச்சல்தான் கேக்கும், பயப்படாதீங்க. உலகத்தில அது ஒண்டுதான் இரிக்கி. நான் வாறபோது ஒரு மிஷினும் கொண்டு வாறன். ரெண்டு பேருமா உங்கட தோணியப் பாப்பம்."

அடுப்பில் கறி அடிப்பிடித்தது. மணம் வந்து உம்மாதான் ஓடிவந்து சட்டியை இறக்கினார்.

முனாப் பகல் சாப்பாட்டுக்கு வந்தபோது கடிதத்தை அவன் கையில் கொடுத்தாள். அவன் வாசித்துவிட்டு முதலில் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"நம்மட வீட்டிலதான் பத்திரம் எண்டு எழுதியிரிக்கான்" என்றாள்.

"தெரியாமத்தானே செஞ்சம்."

"தெரியாம வெட்டினாலும் நூல் அறுந்ததுதானே. நாலு பேருமா இருந்து பேசிப் பேசி அழிச்சிட்டம். உங்கட சைக்கிள் செயினும் என்ட பேய்க் கதையும்."

"சாலிஹுக்குத் தந்தி அடிப்பமா?"

"அடிச்சி? அழிஞ்சது திரும்புமா?"

அன்றைக்கே கடிதம் எழுதினாள். சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, உன்ட கசெட்ட நான்தான் அழிச்சன். உம்மாவக் குறை சொல்லாத. ராத்தா." அவ்வளவுதான். மறுமொழி வரவில்லை. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. தறியில் இருந்தால் கை ஓடும், மனம் ஓடாது. ஒரு சாரிக் கரையில் பூவைத் தலைகீழாக நெய்து, தானே பிரித்துத் திரும்ப நெய்தாள். அது அவளுக்கு நடந்ததே இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை, வாசலில் கார் வந்து நின்றது. றஸாக் இறங்கினான். உம்மா அவனுடைய தொண்டையைத்தான் முதலில் தடவிப் பார்த்தார்.

ஸுலைஹா தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன்தான் ஆரம்பித்தான்.

"ராத்தா, ஆறு நிமிஷ விளையாட்டு. அதுக்கு மேல இருவத்தஞ்சி நிமிஷம் கதைச்சிரிக்கீங்க."

"ஏண்டா மறுமொழி போடல்ல?"

"கடைச் சாவிய வாங்கி, மிஷின்ல அந்தக் கசெட்டப் போட்டுட்டு இருந்தன். ஏறவே இல்ல. சத்தத்தக் கூட்டினா, உம்மா வேர்க்கொம்பு அவிக்கச் சொல்றா. சிரிச்சன். பொறகு அழுதன். உங்களோட ஒரு மாசம் கோவம்தான், பொய் சொல்லல்ல. பொறகு யோசிச்சன். கசெட்டுக்குப் பின்னால ஒரு சின்னத் துண்டு இரிக்கி, அத ஒடிச்சி விட்டா மேல பதிய ஏலாது. நான் அத ஒடிக்கல்ல. பிழை என்ட."

"ஒடிச்சிருந்தா ஓட்டைக்குள்ள கடதாசிய அடைச்சிப்போட்டுக் கதைச்சிருப்பா உன்ட ராத்தா" என்றான் முனாப். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஸுலைஹாவும்தான்.

சொன்னபடி மிஷினும் கொண்டுவந்திருந்தான். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பழையது. ஆனால் அதைப் பிரிக்கவே அவனுக்கு மனமில்லை. "கட்டளை எல்லாம் போயிட்டு. எழுதி வச்ச கடதாசியையும் கொம்பனி எடுத்திட்டு. உங்கட படமும் அங்க போன இடத்திலயே போயிட்டு. இதப் பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம் ராத்தா."

"என்ட படம் எங்க போனதாம்?"

"நீங்க அனுப்பினதுதானே..."

"நெசவுக்காரி மூலக் கொப்பிய வெளிய குடுப்பாளா?" ஸுலைஹா எழுந்து கொட்டிலுக்குப் போனாள். தறிக்கு மேலே சொருகியிருந்த கொப்பிகளில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து அவன் மடியில் போட்டாள். "உனக்கு அனுப்பினது பாத்துக் கீறின பிரதி. இருவத்திமூண்டும் இதில கிடக்கு. காகத்தையும் எண்ணிக்கோ. நீ உன்ட கட்டளைய ஞாபகப்படுத்து. லீவு எத்தின நாள்?"

"நாப்பத்தஞ்சி."

"அப்ப ஏன் இன்னும் குந்திக்கிட்டு இரிக்காய்?"

அடுத்த நாளிலிருந்து வீட்டு வேலை ஒழுங்கு மாறியது. காலையில் சமைத்து முடித்துவிட்டு, பகல் ளுஹர் தொழுது, பின்னேர அஸர் தொழுகைவரை டீவிக்கு முன்னால். யந்திரத்துக்குப் படம் விளங்காது, இலக்கம்தான் விளங்கும் என்று றஸாக் சொன்னான். எட்டுக் கட்டத்துக்கு எட்டு இலக்கம். வலப்பக்கக் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு, பிறகு நான்கு, எட்டு, இப்படியே இரட்டித்து நூற்றிருபத்தெட்டு வரை. நிரப்பின கட்டங்களின் இலக்கத்தை மட்டும் கூட்ட வேண்டும்.

"விளங்குதா ராத்தா?"

"இது தறிக்கணக்குத்தானே. நூல எடுத்தா உண்டு, விட்டா இல்ல. இதுக்குப் போய்க் குவைத்தில அஞ்சி வருஷம் இருந்தியா?"

அரிசி புடைத்துக்கொண்டே கூட்டுவாள், மீன் வெட்டிக்கொண்டே கூட்டுவாள். எழுநூற்றுச் சொச்சம் இலக்கம் வந்தது. அவள் வாசிக்க, றஸாக் ஒவ்வொன்றாகத் தட்டினான். அவன் கட்டளையை மறந்த இடங்களில் நெற்றியைத் தட்டிக்கொண்டு நடப்பான். அவள் பேசாமல் இருக்கமாட்டாள்: "தோணி கரையில இரிந்து வெளிக்கிட்டா முதல்ல என்ன வரும்? அலைதானே? அப்ப அலையில இரிந்து யோசி." அப்படித்தான் பாதி ஞாபகம் திரும்பி வந்தது.

நான்காம் நாள் கரண்ட் போனது. போனதோடு தட்டினது எல்லாம் போனது. யந்திரத்துக்குக் கரண்ட் இருக்கும் மட்டும்தான் ஞாபகம். கசெட்டில் பதிந்து வைத்தால்தான் தங்கும். வெறும் கசெட் ஒன்றும் றஸாக் கொண்டுவரவில்லை; மறுமொழி பதிந்த கசெட்டும் குவைத்திலேயே கிடந்தது. திரும்பச் செய்யும் எண்ணத்தில் அவன் வரவில்லையே. புதிது வாங்கவென்றால், அந்தக் கிழமை முழுக்கப் பக்கத்து நகரமான கல்முனையில் கடையடைப்பு.

ஸுலைஹா கசெட் தேடித் தெருவில் இறங்கினாள். தெருமுனைக் கச்சிமுகம்மது வீட்டில் இருந்தது குர்ஆன் ஓதல் கசெட்; அதன் மேல் கை வைக்க முடியாது. முனவ்வறா வீட்டில் நான்கு இருந்தது. நான்கிலும் றியாத்தில் இருக்கிற அவள் புருஷன்.

"ஒண்டத் தாகா, ஓட்டமாவடிக்குப் போற ஆள்ட்டச் சொல்லிப் புதுசு எடுத்துத் தாறன்."

"ஐயோ மச்சி, இது ஏலாது. அந்தாள் நேர்ல இரிந்தா இவ்வளவு மரியாதையாக் கதைக்கிறல்ல. இதக் கேட்டுத்தான் நான் அவரோட குடும்பம் நடத்துறன்."

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். சபியா உம்மா கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். உள்ளே துணியில் சுற்றின ஒரு கசெட். றஸாக் போன முதல் மாதம் அனுப்பியது. அதன் மேல் மட்டும் யாரையும் பதிய விடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கேட்பார்.

"இந்தா."

"உம்மா, அதில என்ட குரல் இரிக்கி" என்றான் றஸாக்.

"நீ இஞ்ச மூண்டு நேரமும் திண்டுக்கிட்டு இரிக்காய். குரல் எனக்கெதுக்கு? இதில நீ வீட்டுக்கு வரணும் எண்டு அழுறாய். கேட்ட மட்டும் எனக்குக் காணும். போனாப் பொறகு சிரிச்சிக் கதைச்சி ஒண்டு அனுப்பு."

பின்னால் இருந்த துண்டு ஒடிந்திருந்தது. முனாப் சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டி அந்த ஓட்டையை அடைத்தான். சிரிக்காமல்தான் அடைத்தான்.

முப்பத்தெட்டாம் நாள், பகல் பன்னிரண்டு மணி. ஜன்னலைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தார்கள். உம்மா, முனாப், முனவ்வறா எல்லோரும் பாயில். டேப்பிலிருந்து கீ... என்று சத்தம் வந்தது. இந்த முறை யாரும் தொண்டையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆறு நிமிஷம். ஸுலைஹாவின் கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது.

டீவி நீலமானது. கீழே மஞ்சள் மணல். மணலில் ஒரு தோணி. முன்பக்க அணியம் நிமிர்ந்து, வயிறு அகன்று, அவளுடைய பதினாறு கட்டத்துக்குள் கச்சிதமாக. றஸாக் ஒரு கட்டையை அமுக்கினான். முதல் அலையில் தோணி எழும்பியது, இறங்கியது, இரண்டாவதில் எழும்பியது, அப்படியே வெளிக்கடலுக்குப் போனது.

எல்லோரும் ஸுலைஹாவைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் என்று யாரும் நம்பவில்லை.

"திரும்ப ஓட விடு" என்றாள்.

ஓடவிட்டான்.

"இன்னொருக்கா."

ஐந்தாம் தரம் பார்த்த பிறகுதான் அவளுடைய பழைய குரல் வந்தது. "மூண்டாவது அலை பிழை. கரைக்குக் கிட்ட அலை இப்படியா மெல்லமா வரும்? நாளைக்கு வேற கீறித் தாறன்."

பிறகு வலை இழுப்பு. முதலில் முனாப் இருந்தான். வலக்கை வேகம் கூடி வலை திரும்பியது. முனவ்வறா அவனைத் தள்ளிவிட்டு இருந்தாள்; தேங்காய் திருவிப் பழகின கை, ஒரே அளவாக அமுக்கினாள், வலை நேராகக் கரைக்கு வந்தது. செய்தி பரவி இரண்டு நாளில் தெருப் பெண்கள் எல்லோரும் அந்தப் பாயில். பிறந்ததிலிருந்து கரைவலையைத் தொட்டிராதவர்கள், ஆளுக்கு ஆள் வலை இழுத்தார்கள். முகைதீன்பாவா டீவியில் தன்னைப் பார்க்க வந்தார். தொப்பி போட்ட சின்னத் தண்டலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயிறு இவ்வளவு இல்ல புள்ள எனக்கு" என்றார்.

"ஒரு கட்டத்தக் குறைச்சி விடுறன் மாமா."

ஒரே ஒரு குறை இருந்தது. வலை கரைக்கு வந்ததும் விளையாட்டு நின்றுவிடும். மீன் இல்லை. கொம்பனி நிறுத்தினபோது அந்த இடத்துக்குத்தான் றஸாக் வந்திருந்தான். லீவும் அதே இடத்தில் முடிந்தது. போகும்போது யந்திரத்தையும் கட்டளைப் புத்தகத்தையும் விட்டுவிட்டுப் போனான். "வேற கொம்பனியில கதைச்சிப் பாக்கன்" என்றான். கதைத்தான், ஒருவரும் எடுக்கவில்லை. அந்த விளையாட்டு எந்தக் கடைக்கும் போகவில்லை. இதை மறைக்க ஒன்றுமில்லை.

ஸுலைஹா அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. புத்தகம் இங்கிலீசில். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு கொஞ்சம், றஸாக் ஓரத்தில் எழுதிவைத்த தமிழ் கொஞ்சம். நெய்கிற நேரம் போக, ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் தட்டினாள். பிழை வந்தது. பிரித்தாள். திரும்பத் தட்டினாள். நெசவில் பிரித்துப் பழகினவளுக்கு அது புதிதில்லை. இருபத்துநான்காவது படமாக ஒரு சாளை மீன் கீறினாள். வலை கரைக்கு வந்ததும் பத்து மீன் துள்ள வேண்டும். இதுதான் அவள் எழுதின கட்டளை.

நாலு மாதம் போய் ஒரு செவ்வாய்க்கிழமை, வலை கரைக்கு வந்தது. ஒரு மீன் துள்ளியது. பிறகு இரண்டு, பிறகு பத்து. நிற்கவில்லை. எங்கேயோ நிறுத்தச் சொல்ல மறந்திருந்தாள். மணல் மறைந்தது, தோணி மறைந்தது, தண்டல் தொப்பியோடு மறைந்தார். டீவி முழுக்க மீன் துள்ளிக்கொண்டே இருந்தது.

"முனவ்வறா! ஓடி வாகா!"

முனவ்வறா கையில் அகப்பையோடு வேலியைத் தாண்டி வந்து, வாசலில் நின்று வாயைப் பிளந்தாள்.

"என்ட அல்லாஹ்! இவ்வளவு மீனையும் யாருகா வெட்டிக் கழுவுற?"

"நீதான்" என்றாள் ஸுலைஹா. கொப்பியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மீனை நிறுத்தும் கட்டளையைத் தேடத் தொடங்கினாள்.